ஃபயர்வால் ஆவணத்தில் 5 வருடம் பிழை திருத்திய அனுபவம்

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: "எனக்கு கோடிங் அவ்வளவா வராது. ஆனாலும் ஓப்பன் சோர்ஸுக்கு ஏதாவது செய்யணும். நீங்க அந்த ஃபயர்வாலோட ஆவணத்துல பிழை திருத்துறீங்களே, நானும் அதுலேயே ஆரம்பிக்கட்டுமா?"

தாராளமாக என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அன்று மதியம்தான் நான் அனுப்பியிருந்த ஒரு திருத்தத்தை "அர்த்தம் புரிகிறதே" என்று ஒரே வரியில் மூடியிருந்தார்கள். அதே திருத்தம், நான்காவது முறை. அந்தக் கடுப்போடு பதில் சொன்னால் நியாயமாக இருக்காது என்று, "யோசிச்சு எழுதுறேன்" என்றேன். யோசித்தாயிற்று. கடுப்பு முழுதாகப் போகவில்லை, இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

ஃபயர்வால் என்பது நம் நெட்வொர்க்குக்கும் இணையத்துக்கும் நடுவே நின்று எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று பார்ப்பது. என்னுடையதன் பெயர் வேண்டாம். ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் 2001-இல் வந்த பிஎஃப் என்ற பாக்கெட் ஃபில்டரை (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டுகளான பாக்கெட்டுகளை விதிப்படி வடிகட்டுவது) உள்ளே வைத்து, மேலே பிரவுசரில் திறக்கும் இடைமுகம் போட்ட வகை என்றால் போதும். 6 வருடமாக வீட்டு நெட்வொர்க் முழுக்க அதன் பின்னால்தான் இருக்கிறது. கரண்ட் போனபோது தவிர அது நின்று நான் பார்த்ததில்லை. மென்பொருளைப் பற்றி இவ்வளவு போதும். மற்றதெல்லாம் அதன் ஆவணத்தைப் பற்றி.

நான் செய்த முதல் திருத்தம் 'ரிசீவ்' என்ற சொல். அதில் ஈயும் ஐயும் இடம் மாறிக் கிடந்தன. இரவு 10 மணிக்கு புல் ரிக்வெஸ்ட், அதாவது 'இந்த மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்ற கோரிக்கை, அனுப்பினேன். படுக்கப் போவதற்குள் சேர்த்துவிட்டார்கள், கூடவே ஒரு நன்றி. அத்தனை பேர் படிக்கும் ஒரு பக்கத்தில் நம் கை பட்ட சொல் ஒன்று இருக்கிறது என்பது லேசான சந்தோஷம் இல்லை. அடுத்த சில மாதங்கள் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் சிவப்புப் பேனாவோடுதான் படித்தேன்.

அப்புறம்தான் தெரிந்தது, எழுத்துப்பிழை திருத்துவது கூட அவ்வளவு சுலபமில்லை என்று. இந்த ஆவணம் ரீஸ்ட்ரக்சர்ட் டெக்ஸ்ட் என்ற குறியீட்டு முறையில் எழுதி, ஸ்ஃபிங்ஸ் என்ற கருவியால் வலைப்பக்கமாக மாற்றப்படுவது. அதில் தலைப்புக்குக் கீழே கோடு போட வேண்டும். கோடு தலைப்பின் நீளத்துக்காவது இருக்க வேண்டும். ஒரு தலைப்பில் விட்டுப்போன ஓர் எழுத்தை நான் சேர்த்தேன். தலைப்பு ஓர் எழுத்து நீண்டது, கோடு நீளவில்லை. உடனே எச்சரிக்கை வந்து நின்றது. சரி, கோட்டையும் நீட்டினேன். ஆனால் தலைப்பின் எழுத்துகளிலிருந்துதான் அந்தப் பகுதியின் இணைப்பு முகவரியும் தானாக உருவாகிறது. தலைப்பு மாறினால் அந்தப் பகுதிக்கு நேராகச் சுட்டி வைத்திருந்த வெளி இணைப்புகள் எல்லாம் தப்பிப்போகும். பழைய முகவரியையும் கையால் எழுதி வைத்த பிறகே அந்தத் திருத்தம் முடிந்தது. ஓர் எழுத்துக்கு மூன்று இடத்தில் வேலை.

தொடக் கூடாத பிழையும் ஒன்று உண்டு. உலாவி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சர்வருக்குச் சொல்லும் 'ரெஃபரர்' என்ற வரி. உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையை வகுத்து 1996-இல் வந்த எச்டிடிபி 1.0 ஆவணத்திலேயே அதில் ஓர் 'ஆர்' குறைவு. அன்றிலிருந்து உலகம் முழுக்க உலாவிகளும் சர்வர்களும் அந்தப் பிழையான எழுத்தைத்தான் பேசிக்கொள்கின்றன. எங்கள் ஃபயர்வாலின் இடைமுகத்தில் அதைச் சரிபார்க்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது, பெயரும் அதே எழுத்தில். ஆரம்ப நாளில் நான் அதைத் 'திருத்தி' அனுப்பிவிட்டேன். பராமரிப்பவர்களில் ஒருவர் பொறுமையாக 10 வரி எழுதி விளக்கினார். அவர் எழுதியதை இன்றும் வைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட மனிதர்களும் அங்கே இருக்கிறார்கள் என்பதை நண்பருக்குச் சொல்ல வேண்டும்.

எனக்குக் கிடைத்த பெரிய லாபம் வேறு. ஒரு வாக்கியத்தின் இலக்கணத்தைத் திருத்த வேண்டுமானால், அது என்ன சொல்ல வந்தது என்று முதலில் நமக்குத் தெரிந்தாக வேண்டும். ஒரு பக்கத்தில் ஒரு தேர்வு இயல்பாகவே 'இயங்காது' என்று இருந்தது. இரண்டு பத்தி தள்ளி இயங்கும் என்ற நினைப்பில் மீதியை எழுதியிருந்தார்கள். எது சரி? சோதனைக்கு ஒரு மெய்நிகர் இயந்திரத்தில் புதிதாக நிறுவி, எதையும் தொடாமல் அந்த அமைப்பைத் திறந்து பார்த்தேன். டிக் போட்டிருந்தது. 'இப்போது' என்ற பொருளில் 'நௌ' எழுத வேண்டிய இடத்தில் 'நாட்' விழுந்திருக்கிறது. கடைசியில் டபிள்யூவுக்குப் பதில் டி, அவ்வளவுதான். இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் எந்தப் பிழைதிருத்தியும் இதைக் காட்டாது. கோட்ஸ்பெல் மாதிரியான கருவிகள் வழக்கமாக விழும் தப்பெழுத்துகளின் பட்டியலை வைத்துத் தேடுபவை; சரியான சொல் தப்பான இடத்தில் உட்கார்ந்திருந்தால் அவற்றுக்குத் தெரியாது. தந்த பலகைக்கும் தந்தப் பலகைக்கும் நடுவே ஒரு 'ப்'தான் என்று படித்து வளர்ந்த நமக்கு இது புதிதும் இல்லை.

இப்படி ஒவ்வொரு வரியாகச் சோதித்துத்தான் நான் ஃபயர்வாலையே கற்றுக்கொண்டேன். விதிகள் ஒரு நெட்வொர்க் இடைமுகத்துக்குள் (பிரவுசர் பக்கம் இல்லை, ஃபயர்வாலில் ஒரு நெட்வொர்க் வந்து சேரும் வாசல்) நுழையும் பாக்கெட்டைப் பார்க்கின்றன, அதனால் நம் கணினியிலிருந்து வெளியே போகும் போக்குவரத்தும் உள் நெட்வொர்க்கின் இடைமுகத்தில் 'இன்'தான் என்பது. பிஎஃப்பில் விதியோடு 'குவிக்' என்ற சொல் இல்லாவிட்டால் பொருந்துகிற விதிகளில் கடைசி விதியே ஜெயிக்கும் என்பது. இதெல்லாம் தப்பான வாக்கியங்களோடு மல்லுக்கட்டியதால் மனதில் பதிந்தவை. இந்த அளவுக்கு வேறு எந்த வழியிலும் பதிந்திருக்காது.

இனி அந்த நான்காவது முறைக் கதை.

விருந்தினர் நெட்வொர்க்கில் இருந்த ஒரு கருவியைத் துண்டிக்க வேண்டியிருந்தது. அதற்குத் தடை விதி ஒன்று எழுதி, சேமித்து, அமல்படுத்தினேன். அதன் டவுன்லோட் நிற்கவே இல்லை. விதியின் வரிசையை மாற்றினேன், ஐபி முகவரியைச் சரிபார்த்தேன், மறுபடி அமல்படுத்தினேன். அரை மணி நேரம் போனது. ஆவணத்தைத் திறந்தால் அந்த இடத்தில் இருந்தது இந்த வரி: 'தி ரூல் ஒன்லி பிளாக்ஸ் நியூ கனெக்‌ஷன்ஸ் ஃப்ரம் தி கெஸ்ட் நெட்வொர்க்.'

இந்த 'ஒன்லி' எதைப் பிடிக்கிறது? தடுக்க மட்டும்தான் செய்யும், பதிவு செய்யாது என்றா? புதிய இணைப்புகளை மட்டும் என்றா? விருந்தினர் நெட்வொர்க்கிலிருந்து வருவதை மட்டும் என்றா? தமிழில் 'மட்டும்' தான் சேர வேண்டிய சொல்லோடு ஒட்டிக்கொண்டுதான் வரும்; எங்கே வைக்கிறோமோ அதுதான் பொருள். ஆங்கிலத்தில் அந்தச் சொல் வினைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு, மூன்று பக்கமும் கை காட்டுகிறது. நான் மூன்றாவது பொருளில் எடுத்துக்கொண்டேன். அவர்கள் சொல்ல வந்தது இரண்டாவது. ஏற்கெனவே அனுமதி பெற்ற இணைப்பு, ஸ்டேட் டேபிள் என்ற நடப்பு இணைப்புகளின் பட்டியலில் பதிவாகிவிடும். அதற்கப்புறம் அதன் பாக்கெட்டுகள் விதிகளின் பக்கமே வருவதில்லை, நேராகப் போய்க்கொண்டே இருக்கும். தடை விதி போட்ட பிறகு அந்தப் பதிவையும், அதாவது ஸ்டேட்டையும், அழித்தால்தான் இணைப்பு அறும். அழித்தேன், டவுன்லோட் அந்த நொடியே நின்றது.

நான் அனுப்பிய திருத்தம் இரண்டே வாக்கியம். விதி புதிய இணைப்புகளை மட்டும் தடுக்கும். ஏற்கெனவே உள்ள இணைப்புகளைத் துண்டிக்க அவற்றின் ஸ்டேட்டை அழிக்கவும். முதல் முறை, மற்ற எழுத்துப்பிழைகளோடு சேர்த்து அனுப்பச் சொன்னார்கள். அடுத்த முறை, அந்தப் பக்கத்தையே மாற்றி எழுதப் போகிறோம் என்றார்கள், யாரும் எழுதவில்லை. மூன்றாவது முறை பல மாதம் யாரும் பார்க்காததால் தானியங்கி மூடிவிட்டது. நான்காவதுதான் போன வாரம்.

அவர்கள் பக்க நியாயமும் எனக்குத் தெரியும். பெரும்பாலோர் சம்பளம் வாங்காமல், சொந்த நேரத்தில் செய்பவர்கள். 'ரிசீவ்' சரியா தப்பா என்று பார்க்க 10 நொடி போதும். ஒரு வாக்கியத்தின் பொருளை மாற்றினால் அது உண்மையா என்று யாராவது உட்கார்ந்து சோதிக்க வேண்டும். மொழிபெயர்ப்பு வேறு இருக்கிறது. கெட்டெக்ஸ்ட் முறையில் மூல வாக்கியத்தில் ஓர் எழுத்தைத் தொட்டாலும் அத்தனை மொழிகளிலும் அந்த வரி 'ஃபஸி' என்று குறிக்கப்பட்டுவிடும். யாராவது மறுபடி பார்த்து உறுதி செய்யும்வரை மொழிபெயர்ப்பு காட்டப்படாது, ஆங்கிலம்தான் தெரியும். ஒரு காற்புள்ளிக்காகப் பத்துப் பேருக்கு வேலை வைக்க யாருக்குத்தான் மனம் வரும்.

ஆனாலும் 'அர்த்தம் புரிகிறதே' என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அது யாருக்குப் புரிகிறது? ஸ்டேட் டேபிள் என்றால் என்னவென்று ஏற்கெனவே தெரிந்தவருக்குப் புரிகிறது. அவர் இந்தப் பக்கத்துக்கு வரப் போவதில்லை. அங்கே வருபவர் யாரையோ அவசரமாகத் துண்டிக்க நினைப்பவர், ஒருவேளை உள்ளே புகுந்துவிட்ட யாரையோ. விதியைப் போட்டுவிட்டு, அறுந்துவிட்டது என்று நம்பி எழுந்து போய்விடுவார். இணைப்பு ஓடிக்கொண்டே இருக்கும். இணையத் தரநிலைகள் எழுதுபவர்கள் 1997-இல் ஆர்எஃப்சி 2119 என்று தனியாக ஓர் ஆவணமே வெளியிட்டு, 'மஸ்ட்', 'ஷுட்', 'மே' போன்ற சொற்களுக்கு இன்னதுதான் பொருள் என்று வரையறுத்து வைத்தார்கள். பிஎஃப் பிறந்த ஓப்பன்பிஎஸ்டியில் மேனுவல் பக்கத்துத் தவறை நிரலில் உள்ள தவறுக்குச் சமமாக எடுத்துக்கொள்வார்கள். அந்த வீட்டிலிருந்து வந்த ஃபில்டருக்கு இப்படி ஓர் ஆவணமா என்றுதான் கோபம் வருகிறது.

நண்பருக்கு என் பதில்: இந்த ஃபயர்வாலைத் தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள். ஆவணத்தில் பிழை திருத்த இப்போது வர வேண்டாம். எனக்கு அது கற்றுக்கொடுத்ததையெல்லாம் மேலே எழுதிவிட்டு இப்படிச் சொல்வது பொருந்தாமல்தான் இருக்கிறது. முதல் மாதம் உங்கள் எழுத்துப்பிழைத் திருத்தங்கள் எல்லாம் உடனுக்குடன் சேரும், உற்சாகமாக இருக்கும். பொருள் சம்பந்தப்பட்ட முதல் திருத்தத்தை அனுப்பும் நாளில் அந்த உற்சாகம் அப்படியே வடிந்துவிடும். அதை நீங்கள் படுவதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

ஐந்தாவது முறை அனுப்புவதற்கான கிளையை (திருத்தம் செய்யும் தனிப் பிரதியை) நேற்று இரவு உருவாக்கிவிட்டேன். இந்த முறை சோதனை இயந்திரத்தில் தடை விதி போட்ட பிறகும் ஸ்டேட் டேபிளில் அந்த இணைப்பு உயிரோடு இருப்பதைப் படம் எடுத்துச் சேர்த்திருக்கிறேன். அந்த வரி மாறியதும் உங்களை நானே கூப்பிடுகிறேன்.