சர்வீஸ் டாக் கிட்: அங்கியாவது தேறும், அட்டை தேறாது

மாற்றுத்திறனாளிக்கு உதவப் பழக்கிய சேவை நாய்க்கு என்று இணையத்தில் ‘சர்வீஸ் டாக் கிட்’ என்ற ஒரு பொட்டலம் விற்கிறார்கள். சிவப்பு நைலான் அங்கி ஒன்று, நாயின் படம் போட்ட பிளாஸ்டிக் அட்டை ஒன்று, கியூஆர் குறியும் தங்க முத்திரையும் பதித்த சான்றிதழ் ஒன்று. ‘உங்கள் நாய் சர்வதேசப் பதிவேட்டில் ஏறிவிட்டது, இனி லாட்ஜ், ஓட்டல், ரயில் எதிலும் தடுக்க முடியாது’ என்கிறது விளம்பரம். கீழக்கரை, மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் பார்வையற்றவருக்கோ வலிப்பு வருபவருக்கோ நாயைப் பழக்கும் குடும்பங்கள் இதை நம்பிப் பணம் கட்டக் கூடாது. அங்கிக்கு ஐந்துக்கு இரண்டு தரலாம். அட்டைக்கும் சான்றிதழுக்கும் பூஜ்யம்தான்.

சான்றிதழில் ஏடிஏ என்ற அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பெயர் பெரிதாக இருக்கிறது. அந்தச் சட்டமே இப்படி ஓர் அட்டையைக் கேட்பதில்லை. 2011 மார்ச் 15 முதல் அங்கே நடப்பில் உள்ள விதிப்படி, ஒருவரின் குறைபாட்டோடு நேரடித் தொடர்புள்ள வேலையைச் செய்யத் தனியாகப் பழக்கிய நாய்தான் சேவை நாய். வீட்டிலேயே பழக்கியிருக்கலாம், எந்த இனமாகவும் இருக்கலாம். கடைக்காரர் கேட்கக்கூடிய கேள்விகள் இரண்டுதான்: குறைபாட்டுக்காகத்தான் இந்த நாய் தேவைப்படுகிறதா? என்ன வேலை செய்யப் பழக்கியிருக்கிறீர்கள்? சான்றிதழ் காட்டு, செய்துகாட்டு என்று அவர் கேட்க முடியாது. அதே சமயம் நாய் கட்டுக்கு அடங்காமல் போனாலோ, உள்ளே அசுத்தம் செய்தாலோ வெளியே கொண்டுபோகச் சொல்லலாம். அப்போது எந்த அட்டையும் காப்பாற்றாது.

பலர் இடறுவது ‘வேலை’ என்ற சொல்லில். பக்கத்தில் படுத்திருந்தால் மனசுக்கு ஆறுதல் என்பது உண்மைதான், ஆனால் அந்த விதியின் கணக்கில் அது வேலை இல்லை. பதற்றம் ஏறும்போது கையை மூக்கால் முட்டி நிறுத்தவோ, வலிப்பு வந்தால் போய் ஆளைக் கூட்டிவரவோ பழக்கியிருந்தால் அது வேலை. காது கேளாதவரைக் குக்கர் விசிலுக்குத் தொட்டு அழைத்துப்போவதும் அப்படித்தான்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இருபத்தொரு வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. சேவை நாய் என்றால் என்ன என்று அது வரையறுக்கவில்லை. ஆகவே பொட்டலத்தில் வரும் பதிவு எண்ணுக்கு இங்கே சட்டத்தில் இடமே கிடையாது. பிடித்துக்கொள்ள வேண்டியது வேறு: இதே சட்டத்தின் 3ஆம் பிரிவு குறைபாட்டைக் காரணம் காட்டிப் பாகுபடுத்துவதைத் தடுக்கிறது, 2ஆம் பிரிவு ‘நியாயமான ஏற்பாடு’ என்பதை விளக்குகிறது. இரண்டும் பேசுவது மனிதரின் உரிமையை. அந்த உரிமைக்குச் சான்று அவருடைய யூடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிக்கு அரசு தரும் தனி அடையாள அட்டை.

ரயிலில் இன்னும் கவனம் வேண்டும். வளர்ப்பு நாயை உடன் கொண்டுபோக முதல் வகுப்பில் இரண்டு பேர் கூப்பேயையோ நான்கு பேர் அறையையோ முழுதாகப் பதிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் ரயில் காவலர் (கார்டு) பெட்டியில் உள்ள நாய்க்கூண்டுதான். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் அனுமதி இல்லை. இந்தப் பிளாஸ்டிக் அட்டையை நம்பி ஏறினால் அபராதம்தான் மிஞ்சும். மதுரையிலிருந்து விமானம் என்றால் 48 மணி நேரத்துக்கு முன்பே நிறுவனத்திடம் சொல்லி, பயிற்சிச் சான்றும் தடுப்பூசிச் சான்றும் என்னென்ன வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கியைப் பார்ப்போம். தையல் உறுதி, ஒளி பட்டால் மின்னும் பட்டை நன்றாக இருக்கிறது. கழுத்துப் பக்க வளையத்தில் காந்தத்தை வைத்தால் பச்சென்று ஒட்டுகிறது. முலாம் பூசிய வெறும் இரும்பு. 1914இல் திறந்த பாம்பன் பாலத்தையே அரித்த உப்புக்காற்றுக்கு இது எம்மாத்திரம்? முலாம் உரிந்த இடத்தில் துரு பிடிக்கும், கொக்கியின் சுருள்வில் இறுகும், ஒருநாள் இழுப்பில் கழன்றுவிடும். பித்தளையோ நல்ல துருப்பிடிக்காத எஃகோ வாங்கி மாற்றுங்கள். உள்பக்கம் கறுப்பு ஸ்பாஞ்ச், வேர்வைக்கும் கடல்நீருக்கும் ஊறிப்போய் அக்குளில் புண்ணாக்கும். வெல்க்ரோவில் மணல் அடைத்துக்கொண்டால் ஒட்டாது. பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து நல்ல தண்ணீரில் அலச வேண்டும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை எடுத்து, இரண்டு விரல் நுழையும் அளவுக்கு வாரை இறுக்குங்கள்.

முதுகில் தைத்த துணிக் கைப்பிடியை மட்டும் வழிகாட்டிக் கைப்பிடி என்று நினைத்துவிடாதீர்கள். பார்வையற்றவருக்கு வேண்டியது வளையாத U வடிவப் பிடி. நாயின் தோள் திரும்புவது அதன் வழியாகத்தான் கைக்கு வந்து சேரும். துணிப்பிடியில் ஒன்றும் தெரியாது. அதில் உடல் பாரத்தைப் போட்டு எழுந்தால் நாயின் முதுகெலும்பு கெடும்.

இந்தப் பணத்தைப் பயிற்சியில் போடுங்கள். ஒரு நோட்டில் தேதி, இடம், சொன்ன கட்டளை, பத்துக்கு எத்தனை தடவை செய்தது என்று எழுதி வாருங்கள். வீட்டுத் திண்ணையில் பத்துக்குப் பத்து வாங்கும் நாய், கருவாடு காயும் இடத்தில் மூன்றுகூட வாங்காது. நம் கரையில் பெரிய சோதனை அந்த வாசனைதான். முப்பது அடி தள்ளி நின்று தொடங்கி, எட்டுக்கு மேல் தேறிய பிறகே ஐந்து ஐந்து அடியாக நெருங்குங்கள். புறங்கையை மணலில் ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் அன்றைக்கு அந்த நேரத்தில் வேண்டாம், பாதம் வெந்துவிடும். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று ஆண்டுதோறும் புதியதாக இருக்கட்டும்.

லாட்ஜில் மறித்தால் அட்டையை நீட்டாமல் வேலையைச் சொல்லுங்கள்: “அண்ணே, எனக்குக் கண்ணு தெரியாது. படி வந்தா இது நின்னு காட்டும், எதிரே வண்டி வந்தா என்னை மறிக்கும். காலடியில படுத்துக்கும், குரைக்காது.” சொன்னபடியே நாய் காலடியில் சுருண்டு படுத்தால் பெரும்பாலும் பேச்சு அத்தோடு முடியும். அப்படியும் மறுத்தால் காரணத்தை எழுதித் தரச் சொல்லி, யூடிஐடி நகல், தடுப்பூசிச் சான்று, பயிற்சி நோட்டு மூன்றோடும் ராமநாதபுரத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுங்கள்.