சம்பங்கி, டேலியா, கிளாடியோலஸ்: சென்னைக்கு எது, கொடைக்கானலுக்கு எது, டொராண்டோக்கு எது?

பூச்செடி கிழங்கு வாங்கறவங்க எல்லாரும் போட்டோவ பாத்துட்டு எது அழகுன்னு தான் கேக்கறாங்க. பூ எல்லாமே அழகு தாங்க. பூத்து முடிஞ்சப்புறம் அந்த கிழங்கு உங்க ஊர்ல அடுத்த சீசன் வரைக்கும் உயிரோட இருக்குமா, அத பாத்து தான் வாங்கணும்.

சென்னைன்னா சம்பங்கி (மரத்துல பூக்கறது இல்ல, நிலச்சம்பங்கி, ட்யூப்ரோஸ்) தான், யோசிக்கவே வேணாம். பூர்வீகம் மெக்சிகோ, ஆனா நிலக்கோட்டை, சத்தியமங்கலம் பக்கம் வயல் வயலா போட்டிருக்காங்க, நம்ம வெயிலெல்லாம் அதுக்கு பெரிய விஷயமே இல்ல. நல்லா வெயில் படற மொட்டமாடில தண்ணி தேங்காத தொட்டில வச்சா போதும், ஒரு தடவ நட்டது ரெண்டு மூணு வருஷம் ஓடும், அப்புறம் கிழங்கு நெருக்கிக்கிட்டு பூ கொறையும், அப்ப தோண்டி பிரிச்சு நட்டுக்கலாம். கட்டறதுக்கு உதிரிப்பூ வேணும்னா சிங்கிள் (ஒத்தை அடுக்கு) ரகம், அதுல பெங்களூர் ஐஐஹெச்ஆர் (தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம்) விட்ட பிரஜ்வல் நல்ல சாய்ஸ். டபுள் (அடுக்கு) ரகம் வேஸ்ல வைக்கத்தான் லாயக்கு.

கிளாடியோலஸும் சென்னைல வரும், ஆனா வேலை வாங்கும். அடைமழை ஓஞ்சப்புறம் நட்டா ரெண்டரை மூணு மாசத்துல பூத்தண்டு விடும், சரி, அதுக்கப்புறம் கிழங்க எடுத்து காய வச்சு ஃப்ரிட்ஜ்ல மூணு மாசம் தூங்க வைக்கணும், இல்லன்னா அடுத்த வாட்டி ஒண்ணு மொளைக்கும் ஒண்ணு மொளைக்காது. பெரும்பாலும் ஒரு கிழங்குக்கு ஒரே ஒரு தண்டு, அதுக்கு இவ்ளோ பாடா? எனக்கு கட்டுப்படியாகல.

டேலியாவும் மெக்சிகோ தான், ஆனா மலைநாட்டு செடி, ராத்திரி குளிரணும். சென்னைல மார்கழி தைல நர்சரில பூவோட விக்கற தொட்டிய வாங்கி ரசிச்சுட்டு விட்டுடுங்க, சித்திரை வெயில்ல செடி காயும், தப்பிச்ச கிழங்கு மழைல அழுகும்.

அதே டேலியாவ கொடைக்கானல்ல பாருங்க, ஆளே வேற. மார்ச் ஏப்ரல்ல சரிவான எடத்துல நட்டு குச்சி கட்டி விட்டா போதும், தட்டு சைசுக்கு பூக்கற ரகமெல்லாம் இருக்கு. கிளாடியோலஸும் அங்க அதே நேரத்துல நடலாம். சம்பங்கி தான் அங்க மக்கர் பண்ணும், இலை விட்டுக்கிட்டே இருக்கும் பூ வராது.

டொராண்டோ கதை தலைகீழ், அங்க எதிரி உறைபனி. மே மாசம் விக்டோரியா டே லாங் வீக்கெண்ட் ஒட்டி தான் டேலியா, கிளாடியோலஸ் ரெண்டுமே மண்ணுக்கு போகும். டேலியா ஆகஸ்ட்ல சூடு பிடிச்சு அக்டோபர் பனில இலை கருகற வரைக்கும் விடாம பூக்கும், அப்புறம் தோண்டி பீட் மாஸ்ல போட்டு பேஸ்மென்ட்ல 4லேந்து 10 டிகிரிக்குள்ள வைக்கணும். பிரிக்கறப்ப தண்டோட அடிக்கழுத்துல இருக்கற கண்ணு ஒவ்வொரு துண்டுலயும் இருக்கணும், கண்ணு இல்லாத கிழங்கு எவ்ளோ பெருசா இருந்தாலும் மொளைக்காது. கிளாடியோலஸ் இந்த விஷயத்துல ஈஸி, வெங்காயம் மாதிரி காய வச்சு வலைப்பைல தொங்க விட்டா முடிஞ்சுது. சம்பங்கிக்கு அங்க கோடை பத்தாது, ஏப்ரல்லயே வீட்டுக்குள்ள தொட்டில ஆரம்பிச்சாலும் தண்டு விடறப்ப குளிர் வந்து நிக்கும். என் ஓட்டு டேலியாக்கு தான். தோண்டற வேலையே வேணாம்னா ஏசியாட்டிக் லில்லி, அது பனிக்கடில அப்படியே கெடந்து தானா எந்திரிக்கும், செவப்பு லில்லி வண்ட மட்டும் கையால பொறுக்கி எடுக்கணும்.

அங்க இருக்கற நம்மாளுங்களுக்கு இன்னொண்ணு, நம்ம கார்த்திகைப்பூ (செங்காந்தள்) கிழங்கையே குளிர் நாட்டுல கோடைக்கிழங்குன்னு விக்கறாங்க. தொட்டில வச்சு கொடி ஏற கம்பி கட்டுங்க, கிழங்கோட நுனி ஒடிஞ்சா மொளைக்காது, கோடைலயே பூத்து முடிச்சுரும், கார்த்திகை மாசம் வரைக்கும் நிக்காது. குளிர்ல தொட்டியோட தண்ணி விடாம வீட்டுக்குள்ள வைக்கலாம், ஆனா செடி முழுக்க விஷம், கிழங்கு இன்னும் மோசம், குழந்தைங்க, நாய் பூனை இருக்கற வீடுன்னா வேணவே வேணாம்.