லீன் பதிவதாகச் சொல்லிக் கடிதம் அனுப்பியவர்கள்: 18,400 டொலர் கைநழுவிய கதை

நேற்று மாலை சட்டத்தரணி சொன்னதைக் கேட்ட கொதிப்பு அடங்கும் முன்னரே இதை எழுதுகிறேன். கனடாவின் ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்டுக்கும் இரண்டு குளியலறைகளுக்கும் ரைல் பதித்த வகையில் எனக்கு வரவேண்டிய 18,400 டொலரை, பிரதான ஒப்பந்தகாரர் "அடுத்த வெள்ளி" என்றே இழுத்தடித்தார். வேலை செய்தவருக்குக் கூலி வராவிட்டால் அந்தக் காணியின் மீதே பற்றுரிமையை, அதாவது நாம் லீன் என்று சொல்வதை, பதிய ஒன்ராறியோவின் கட்டுமானச் சட்டம் இடம் தருகிறது. என்னைப் போன்ற துணை ஒப்பந்தகாரர் கடைசியாக வேலை செய்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் பதிந்துவிட வேண்டும். 2018 திருத்தத்துக்கு முன் 45 நாட்கள்தான்.

நான் கடைசியாக ரைல் இடுக்குகளுக்கு கிரவுட் பூசியது மார்ச் 14. ஆகவே மே 13 கெடு. ஏப்ரல் 22 அன்று, லீன் பதிந்து தருவதாகச் சொல்லும் ஓர் இணையச் சேவைக்கு 695 டொலர் கட்டினேன். சட்டத்தரணிக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டுமே என்ற கஞ்சத்தனம்தான் காரணம், மறைக்கவில்லை. தொலைபேசியில் வந்தவர் தமிழிலேயே, "அண்ணை, இனி நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். இரண்டு நாட்களில் என் கணக்கில் "அனுப்பப்பட்டது" என்ற சொல்லும் அதன் பக்கத்தில் ஒரு பச்சைச் சரி அடையாளமும் தெரிந்தன. அதைப் "பதியப்பட்டது" என்றே வாசித்தேன்.

காணிப் பதிவேட்டில் எதுவுமே இல்லை என்பதை மே 20 அன்று சட்டத்தரணி தேடிப் பார்த்துச் சொன்னார். அவர்கள் செய்ததெல்லாம் வீட்டுக்காரருக்கு ஓர் அறிவிப்புக் கடிதம் அனுப்பியது மட்டுமே. அத்தகைய கடிதம் லீனை உயிரோடு வைத்திருக்காது. கெடு தாண்டினால் நீதிமன்றத்தாலும் அதை நீட்டிக்க முடியாது.

அந்தச் சேவையைக் கூப்பிட்டபோது, முதல் அழைப்பில் கோப்பு பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னார்கள். அடுத்ததில், நான் வாங்கிய பொதியில் கடிதம் மட்டுமே அடங்கும், விதிமுறைகளை வாசிக்கவில்லையா என்று கேட்டார்கள். மூன்றாவதாகப் பேசியவர், ஏப்ரலில் வெடித்த இரண்டு ரைல்களை நான் மாற்றிக் கொடுத்த நாளிலிருந்து எண்ணலாமே என்று எனக்கே வழி சொன்னார்! சொந்த வேலையின் குறையைத் திருத்தியது கணக்கில் வராது என்று சட்டத்தரணி தலையை ஆட்டினார். தமிழில் பேசியவரோ விடுமுறையிலாம்.

இனி அந்த 18,400 டொலருக்கு ஒப்பந்தகாரர் மீது சாதாரணக் கடன் வழக்குத்தான் போட வேண்டும். அவருடைய நிறுவனத்தின் பெயரில் ஒரு பழைய வான் வண்டியைத் தவிர வேறொன்றும் இல்லை என்று கேள்வி.

விரிவாக ஆலோசனை எழுத நினைத்தேன், மனம் ஓடவில்லை. நாட்களை நீங்களே எண்ணுங்கள். பதிந்தோம் என்று எவர் சொன்னாலும் பதிவிலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். பதிந்த பின்னரும், அந்தக் கெடு முடிந்து 90 நாட்களுக்குள் வழக்குத் தொடுத்து அதையும் காணியில் பதியாவிட்டால் லீன் செத்துவிடும். இப்போது அந்த 695 டொலரையாவது மீட்க, வங்கியில் கடனட்டை முறைப்பாடு கொடுக்கப் போகிறேன்.