பைத்தானில் ஸ்டார் இம்போர்ட்: ஆறு வருடம் பயன்படுத்தியபின்

ஆறு வருடமாக ஒரே பைத்தான் பேக்கேஜை (கோட் ஃபைல்களின் தொகுப்பை) பராமரித்து வருகிறேன். உள்ளே ரீடர், கிளீனர், ரைட்டர் என்று மூன்று சப்மாட்யூல்கள், அதாவது தனித்தனி கோட் ஃபைல்கள். ஸ்டார் போட்டு (from பேக்கேஜ் import * என்று) இம்போர்ட் செய்தால் மூன்றும் வந்துவிடும் என்றுதான் முதலில் நம்பினேன். வராது. ஃபோல்டரில் என்னென்ன ஃபைல் இருக்கிறது என்று பைத்தான் பார்ப்பதே இல்லை. பேக்கேஜின் தொடக்க ஃபைலான இனிட் ஃபைலை (__init__.py) ஓட்டும். அந்த நேரத்தில் பேக்கேஜில் என்னென்ன பெயர்கள் இருக்கின்றனவோ அவற்றைக் கொடுக்கும். அண்டர்ஸ்கோரில் தொடங்குபவற்றை விட்டுவிடும்.

அந்த "அந்த நேரத்தில்" எங்களைப் படாதபாடு படுத்தியது. எல்லா டெஸ்ட்டையும் சேர்த்து ஓட்டினால் பாஸ். ரைட்டருக்கான டெஸ்ட்டை மட்டும் தனியாக ஓட்டினால் நேம்எரர், அதாவது அப்படியொரு பெயரே இல்லை என்ற பிழை. இரண்டு நாள் தேடிய பிறகுதான் பிடிபட்டது: அதற்கு முன்னால் ஓடும் வேறொரு டெஸ்ட், தன் தேவைக்காக ரைட்டரை நேரடியாக இம்போர்ட் செய்திருந்தது. ஒரு சப்மாட்யூல் எங்கிருந்து லோட் ஆனாலும் அதன் பெயர் தாய் பேக்கேஜில் ஏறிவிடும். அதன்பின் ஸ்டார் போடும் எவருக்கும் அது சேர்ந்தே வரும். தானாக வந்ததை நாங்கள் முறையாக வந்ததாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

சரி என்று இனிட்டில் டண்டர் ஆல் (__all__) பட்டியல், அதாவது ஸ்டார் போட்டால் வர வேண்டிய பெயர்களின் பட்டியல் எழுதினோம். இது நன்றாகவே உழைக்கிறது. பட்டியலில் உள்ள பெயர் பேக்கேஜில் இல்லையென்றால், அதைச் சப்மாட்யூலாகத் தேடி பைத்தானே லோட் செய்கிறது. எழுத்துப்பிழை இருந்தால் இம்போர்ட் வரியிலேயே அட்ரிப்யூட்எரர் வந்து நின்றுவிடும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். இனிட்டில் கிளீனர் என்ற பெயரிலேயே ஒரு ஃபங்ஷனும் வைத்திருந்தோம். பெயர் ஏற்கெனவே இருப்பதால் ஸ்டார் அந்த ஃபங்ஷனைத்தான் கொடுத்தது. சப்மாட்யூலைத் தேடவே இல்லை. பின்னால் யாரோ சப்மாட்யூலை நேரடியாக இம்போர்ட் செய்ததும் ஃபங்ஷன் இருந்த இடத்தில் மாட்யூல் வந்து உட்கார்ந்துகொண்டது. அடுத்து ஸ்டார் போட்ட ஃபைலில் கிளீனரைக் கூப்பிட்டால், மாட்யூலைக் கூப்பிட முடியாது என்று டைப்எரர். ஃபங்ஷனின் பெயரை மாற்றிய பிறகே ஓய்ந்தது.

ஸ்டார் இம்போர்ட்டைத் தவிர்க்கச் சொல்லி பைத்தானின் கோட் எழுதும் நடை வழிகாட்டியான பெப் 8 எப்போதோ எழுதிவிட்டது. இப்போது எங்கள் இனிட்டில் மூன்று சப்மாட்யூல்களும் பெயர் சொல்லியே இம்போர்ட் ஆகின்றன, பட்டியலும் இருக்கிறது. ஸ்டாரை நான் ஷெல்லில் எதையாவது சோதித்துப் பார்க்கும்போது மட்டும் தொடுகிறேன்.