பொத்தான் காருக்கு ஒரு கியர்ப் பூட்டு: ஒன்றரை ஆண்டு அனுபவம்

2023 கடைசியில், கனடாவின் ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவில் எங்கள் தெருவில் மட்டும் மூன்று வாகனங்கள் களவு போயின. மூன்றும் திறப்பை (சாவியை) சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தி இயக்குகிற வகை. மூன்றும் வீட்டு வாசலில் பூட்டியபடி நின்றவை. கண்ணாடித் துண்டு ஒன்றுகூட நிலத்தில் கிடக்கவில்லை. எதிர்வீட்டு அண்ணை வேலைக்கென்று வெளியே வந்து, வெறும் தரையைப் பார்த்தபடி நின்றது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. சுற்றிவர வெண்பனி. கார் நின்ற இடம் மட்டும் கறுப்பாக, நீள்சதுரமாகத் தெரிந்தது.

என்னிடம் இருப்பது 2021 டொயோட்டா ஹைலாண்டர். கள்ளர் தேடித் திரியும் வாகனம். அடுத்த முறை என் வாசல்தான் என்று நினைத்தேன். அன்றிலிருந்து இரவில் நாய் குரைத்தாலும் எழும்பி யன்னலால் பார்க்கத் தொடங்கினேன்.

கனடாவில் 2007 செப்டெம்பர் முதல் புதிய கார்களில் இம்மொபிலைசர், அதாவது சரியான திறப்பு இல்லாமல் இயந்திரத்தை இயங்கவிடாத கருவி, கட்டாயம். வயரை உரசி இயக்கும் பழைய களவு அதோடு குறைந்தது. ஆனால் திறப்பும் காரும் வானலையில் பேசத் தொடங்கியதும் வேறு வழி திறந்துவிட்டது. கார் மெல்லிய அலையில் கூப்பிடும், பக்கத்தில் இருக்கும் திறப்பு பதில் சொல்லும். கள்ளர் இருவர் வந்து, ஒருவன் வீட்டுக் கதவோரம், மற்றவன் கார் அருகே, கருவிகளோடு நின்று அந்தக் கூப்பிடலை நீட்டிவிடுகிறார்கள். திறப்பு படுக்கையறையில் இருந்தாலும், தான் காருக்குப் பக்கத்தில் இருப்பதாகவே பதில் அனுப்பும்.

இதற்கு மருந்து எளிது. உலோக உறையில் திறப்பைப் போட்டு வைக்கலாம். டொயோட்டாத் திறப்பில் இன்னொரு வசதியும் உண்டு: பூட்டும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி திறக்கும் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் சிறு விளக்கு நான்கு முறை மின்னி, திறப்பு தூங்கிவிடும். காசே செலவில்லை. ஆனால் கள்ளரின் இரண்டாவது வழிக்கு இது உதவாது. இங்கிலாந்தின் லண்டனில் களவுபோன ஒரு டொயோட்டா ராவ்4 காரை வைத்து 2023இல் வாகன மின்னணுப் பாதுகாப்பு ஆய்வாளர் கென் டின்டெல் வெளியிட்ட ஆய்வை வாசித்தபோதுதான் அது விளங்கியது. புளூடூத் ஒலிபெருக்கியின் கூட்டுக்குள் ஒளித்த ஒரு கருவியை முன்விளக்கின் வயரில் இணைத்து, "சரியான திறப்பு உள்ளே இருக்கிறது" என்ற பொய்யைக் காரின் கணினிகளை இணைக்கும் உள்வலைக்குள் அனுப்புகிறார்கள். இங்கே உண்மையான திறப்புக்கு வேலையே இல்லை. நீங்கள் அதைப் பெட்டகத்தில் வைத்தாலும் ஒன்றுதான்.

இயந்திரம் இயங்குவதைத் தடுக்க முடியாவிட்டால் கார் அசைவதைத் தடுக்க வேண்டும். அப்படித்தான் கியர்ப் பூட்டுக்கு வந்தேன்.

2024 ஜனவரியில் ஒரு கடையில் முதல் பூட்டைப் போட்டேன். பெரிய ஏமாற்றம் அதில்தான். தானியங்கிக் கார்களில் பிரேக்கை மிதித்தால்தான் கியர்த் தண்டு 'பி' என்ற நிறுத்த நிலையிலிருந்து வெளியே வரும். பிரேக்கின் சமிக்ஞை வந்ததும் ஒரு சிறு மின்காந்தம் தண்டை விடுவிக்கும். அந்தக் கடை செய்ததெல்லாம், அந்தச் சமிக்ஞை வயரை வெட்டி நடுவில் ஓர் மின்சுற்று அட்டையை வைத்ததுதான். பூட்டோடு தந்த சிறு மின்னணு வில்லை ஒன்று என் பையில் இருக்கும்; அட்டை அதை அறிந்தால் வயரை இணைக்கும், இல்லாவிட்டால் தண்டு அசையாது. பார்க்க அருமையாக இருந்தது. மூன்று மாதம் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஏப்ரலில் எண்ணெய் மாற்றக் கொடுத்தபோது வில்லையைக் கொடுக்க மறந்துவிட்டேன். திரும்பிப் போனால் கார் வேலை முடிந்து வெளியே நிற்கிறது. எப்படி நகர்த்தினீர்கள் என்று கேட்டேன். மெக்கானிக் தம்பி கியர்த் தண்டின் பக்கத்தில் இருந்த விரல்நக அளவு மூடியைக் காட்டினார். அதைக் கிளப்பி, ஸ்குரூ டிரைவர் நுனியை உள்ளே விட்டு அழுத்தினார். டிக் என்றது. தண்டு தானாக வந்தது. பற்றரி இறந்தால் காரைத் தள்ளி நகர்த்துவதற்கென்று தயாரித்தவர்களே வைத்த வழி அது. "அண்ணா, இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே" என்றார். எனக்குத் தெரியாதே! காசு போனதைவிட, அந்த மூன்று மாத நிம்மதி பொய் என்பதுதான் சுட்டது.

அதே மாதம் வேறோர் இடத்தில் இரண்டாவது பூட்டு. பொருத்துகூலியோடு 780 டொலர். இதில் வயரை நம்பவில்லை. நடுப்பெட்டிக்கு அடியில், கியர்த் தண்டின் சட்டத்தோடு ஓர் எஃகுத் தகடு. இறுக்கி முடித்ததும் தலை முறிந்துவிடும் ஆணிகள் என்பதால் சாவிக்குறடு பிடிக்க இடமில்லை. உள்ளே சிறு மோட்டர் ஒரு தடித்த எஃகு முளையைத் தள்ளும். 'பி'யில் விட்டு இயந்திரத்தை நிறுத்தி இருபது விநாடியில் 'கர்ர்' என்ற சத்தத்தோடு முளை இறங்கும். அந்தச் சத்தத்தைக் கேட்காமல் நான் இப்போது கதவைச் சாத்துவதில்லை. வில்லையோடு உட்கார்ந்து பிரேக்கை மிதித்தால் முளை விலகும். மின்சாரம் நின்றால் முளை இருந்த இடத்திலேயே நிற்கும், ஓடும்போது இறங்க வழியில்லை. வாங்குமுன் நான் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதிசெய்தது இதைத்தான். குளிர்காலத்தில் இன்னொரு நன்மை: வீட்டுக்குள் இருந்தபடி ரிமோட்டால் இயந்திரத்தை இயக்கிக் காரைச் சூடாக்கும்போதும் கியர் பூட்டியே இருக்கிறது.

கஷ்டமும் உண்டு. அடுத்து வந்த ஜனவரியில் மனைவி மார்க்கம் வீதிக் கடைத்தொகுதியில் சாமான் வாங்கிவிட்டு வந்தால், தண்டு வரவில்லை. குளிர் மைனஸ் பதினெட்டு. வில்லையின் பற்றரி இறந்துவிட்டது. அவசரத்துக்கென்று தந்த சிறு இரும்புத் திறப்பு வீட்டு அலுமாரியில். நான் கொண்டுபோய்ச் சேர்க்க நாற்பது நிமிடம். மகள் பின்னிருக்கையில் அழுதிருக்கிறாள். பிழை பூட்டினுடையது அல்ல, என்னுடையது. இப்போது அந்த இரும்புத் திறப்பு மனைவியின் கைப்பையில். நவம்பர் முதல் வாரத்தில் இரண்டு வில்லைகளுக்கும் புதுப் பற்றரி.

பூட்டுக்கு எல்லை உண்டு. தூக்கு லொறி கொண்டுவந்து ஏற்றுபவனை இது தடுக்காது. நேரமும் அறிவும் உள்ளவன் முன்மூடியைத் திறந்து கியர்க் கம்பியைக் கழற்றலாம். தண்டே இல்லாமல் பொத்தானாலோ குமிழாலோ கியர் மாற்றும் புதிய கார்களுக்கு இது பொருந்தாது. அப்படிக் கார் வைத்திருப்பவர்கள் இரகசிய எண் கேட்கும் இம்மொபிலைசரைப் பார்க்க வேண்டும்.

ஜூனில் ஒரு காலை, முன் இடது சக்கரத்துக்கு மேலுள்ள பிளாஸ்டிக் மறைப்பு பிய்ந்து தொங்கியது. கமராவில் 3.40க்கு இருவர். விளக்கு எரிகிறது, இயந்திரம் இயங்குகிறது. பிரேக் விளக்கு ஒரு முறை, இரண்டு முறை, பிறகு ஐந்தாறு முறை அடுத்தடுத்து. கார் அங்குலமும் நகரவில்லை. நான்கு நிமிடத்தில் இறங்கி நடந்து போய்விட்டார்கள். உள்ளே அந்தச் சிறு மூடி கிளப்பப்பட்டு, கால்விரிப்பில் கிடந்தது. அதையும் அழுத்திப் பார்த்திருக்கிறார்கள்.

ஆகவே பூட்டுப் போடப் போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வேலை முடிந்ததும் வில்லையை வெளியே வைத்துவிட்டு, அந்த மூடியைக் கிளப்பி ஸ்குரூ டிரைவரால் நீங்களே அழுத்துங்கள். தண்டு அசைந்தால் காசு கொடுக்காதீர்கள்.