வாசிப்பு மன்றத்துக்கு ஸ்டோரிவீவர்: இரண்டு கல்வியாண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

நான் தமிழ் கற்பிக்கும் நடுநிலைப் பள்ளியில் வெள்ளிக்கிழமையின் கடைசிப் பாடவேளை வாசிப்பு மன்றத்துக்கு உரியது. மன்றத்தைத் தொடங்கியபோது எங்கள் நூலக அலமாரியில் பொது அறிவு வினா-விடை நூல்களும் தலைவர்களின் வாழ்க்கைச் சுருக்கங்களும் நிறைய இருந்தன. பிள்ளைகள் தாமாகக் கை நீட்டி எடுக்கும் கதைப் புத்தகங்களோ இருபதைத் தாண்டவில்லை. அந்தக் குறையை ஈடுசெய்யத்தான் பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் தளத்தைப் பயன்படுத்தத் தொடங்கினேன்.

2004-இல் தொடங்கப்பட்ட, லாப நோக்கமற்ற பதிப்பகமான பிரதம் புக்ஸ், 2015-ஆம் ஆண்டு செப்டம்பர் 8 அன்று, உலக எழுத்தறிவு நாளில், இத்தளத்தைத் திறந்தது. 300-க்கும் மேற்பட்ட மொழிகளில் படக்கதைகள் உள்ளன. தமிழிலும் தாராளமாகக் கிடைக்கின்றன. கட்டணம் எதுவும் இல்லை. ஆயினும், இலவசம் என்பதைவிட, கதைகள் திறந்த உரிமத்தில் வெளியிடப்பட்டிருப்பதையே இதன் பெரும்பலமாகக் கருதுகிறேன். எழுதியவர், ஓவியர், மொழிபெயர்ப்பாளர் ஆகியோரின் பெயர்களை முறையாகக் குறிப்பிட்டால், கதையைப் பதிவிறக்கலாம், அச்சிடலாம், வேறு மொழியில் பெயர்க்கலாம், நம் பிள்ளைகளுக்கு ஏற்பச் சொற்களை மாற்றியும் எழுதலாம்.

இந்தக் கடைசி வசதியின் அருமை எனக்கு ஒரு தட்டானால் விளங்கியது. ஒரு கதையில் ‘தும்பி’ என்ற சொல் வந்தபோது ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, “டீச்சர், எங்க ஊர்ல இதைத் தட்டான்னுதான் சொல்லுவோம்” என்றாள். தும்பி என்றால் வண்டு என்று ஒருவன் மறுத்தான். பாட்டுப் புத்தகத்தில் அப்படித்தான் படித்தேன் என்று இன்னொருத்தி அவனுக்குத் துணை நின்றாள். பாடவேளை முடிந்த பிறகும் ஓயாத அந்த வாதத்தின் முடிவில், எங்கள் பிரதியில் அச்சொல்லை அடித்துவிட்டு ‘தட்டான்’ என்று பேனாவால் எழுதினார்கள். புத்தகம் என்றால் மனப்பாடம் செய்யவேண்டியது என்று மட்டுமே அறிந்திருந்த பிள்ளைகள், ஒரு கதையைத் தமக்குரியதாகக் கையில் எடுத்துக்கொண்டதை நான் முதன்முதலாகக் கண்டது அன்றுதான்.

கதைகள் நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. முதல் நிலைக்கு 250 சொற்கள், இரண்டாவதற்கு 600, மூன்றாவதற்கு 1,500 என்பவை மேல்வரம்புகள். அதற்கும் நீண்டவை நான்காம் நிலை. தமிழுக்கு இந்த எண்ணிக்கையை அப்படியே நம்பிவிடக் கூடாது. ‘போய்க்கொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்பதும் கணக்கில் ஒரு சொல்தான். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கோ அது ஒரு வரிக்குச் சமம். நிலை எண்ணால் வேறொரு சங்கடமும் நேர்ந்தது. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், தனக்குப் பிடித்த யானைக் கதை முதல் நிலையில் இருந்ததால், யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு அதை வைத்துவிட்டான். அதற்குப் பிறகு, நிலை விவரம் உள்ள பின்னட்டையை நான் அச்சிடுவதில்லை. பெயர்கள் உள்ள பக்கத்தை மட்டும் ஒருபோதும் விடுவதில்லை; அது உரிமத்தின் நிபந்தனை.

யாரும் மொழிபெயர்த்து வெளியிடலாம் என்பதால் மொழியின் தரம் கதைக்குக் கதை மாறுபடும். சில கதைகள் நம் வீட்டுப் பேச்சுப்போல் ஓடும். சிலவற்றில் தொடர் முடிச்சுப்போட்டு நிற்கும். ஆசிரியர் முந்தைய நாளே ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது அவசியம். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் ஓவியங்களின் அழகில் பாதி போய்விடுகிறது என்பதும் உண்மை. அதனால் முதலில் திரையில் படங்களைக் காட்டிவிட்டுப் பிறகு நடுவில் பின் அடித்த தாள் புத்தகங்களைக் கொடுக்கிறேன். நீண்ட கதைகளைத் தேடும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இத்தளம் மட்டும் போதாது. அவர்களுக்குப் பள்ளிக் கல்வித் துறையின் ‘தேன்சிட்டு’ இதழையும் பொது நூலகப் புத்தகங்களையும் சேர்த்தே வைக்கிறேன்.

எவ்வளவு நல்ல கதையானாலும் மன்றத்தை நடத்தும் முறை அதைக் கெடுத்துவிட முடியும். நான் முன்பு பணியாற்றிய ஒரு பள்ளியில், படித்த ஒவ்வொரு புத்தகத்துக்கும் கதைச்சுருக்கம் எழுதி மதிப்பெண் பெறவேண்டும் என்று விதித்தார்கள். ஒரே பருவத்தில் மன்றத்துக்கு வருவோர் எண்ணிக்கை பாதியாகிவிட்டது. மிகுந்தவர்களும் மிகச் சிறிய புத்தகமாகத் தேடி எடுத்தார்கள். இப்போது எங்கள் மன்றத்தில் கேள்வித்தாள் இல்லை, குறிப்பேடு இல்லை. பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் வைத்துவிட யாருக்கும் அனுமதி தேவையில்லை.

இத்தளத்தைக் கொண்டு மன்றம் தொடங்க நினைக்கும் ஆசிரியர்கள், ஒரே கதையை முப்பது பிரதிகள் எடுக்காமல் முப்பது கதைகளை ஒவ்வொரு பிரதியாக எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் மாதம் எல்லாருக்கும் ஒரே கதையைக் கொடுத்தபோது, முடித்தவர்கள் மற்றவர்களுக்காகக் காத்திருந்தார்கள். கதைகளைப் பரப்பி வைத்த வாரத்திலிருந்து, “நீ முடிச்சதும் எனக்குத்தான்” என்று பெயர் சொல்லி வரிசை பிடிக்கிறார்கள்.