ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்: காசு திரும்பாது, தெரிந்தே வாங்குங்கள்

பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, வாங்கிப் புதுப்பிக்கலாமா என்று கேட்டால் என் பதில் இதுதான்: வாங்குங்கள், ஆனால் போட்ட காசு திரும்பி வரும் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். டிங்கர் வேலை, பெயிண்ட், இன்ஜின், சீட், க்ரோம் முலாம் என்று கூட்டிக்கொண்டே போனால், முடித்த வண்டிக்குச் சந்தையில் கிடைக்கும் விலையைத் தாண்டித்தான் செலவு நிற்கும். எனக்குத் தெரிந்த ஹெரால்ட்காரர்கள் எல்லோருக்கும் இதே கதைதான், அவர்களில் யாரும் வண்டியை விற்கவும் இல்லை.

பம்பாயில் ஃபியட், கல்கத்தா பக்கம் அம்பாசடர், நம் மெட்ராஸில் ஹெரால்ட். பெருங்களத்தூர் தொழிற்சாலையில் 1961லிருந்து வந்த வண்டி. இங்கிலாந்தில் 1959இல் இதை வெளியிட்ட ஸ்டாண்டர்ட் ட்ரையம்ஃப் கம்பெனிக்கு முழு பாடியை ஒரே கூடாக அடித்துக் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை, அதனால் தனி சேஸ், அதாவது இரும்பு அடிச்சட்டம் போட்டு, அதன்மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் வைத்து முறுக்கும்படி செய்தார்கள். உருவத்தை வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலொட்டி. அன்றைக்கு அவர்கள் வேறு வழியில்லாமல் செய்தது இன்றைக்கு நமக்குப் பெரிய வசதி. ஸ்பேனர் செட்டும் பொறுமையும் இருந்தால் வீட்டு வாசலிலேயே பாடியைக் கழற்றிவிடலாம். பானெட்டை மட்கார்டோடு சேர்த்து முன்பக்கமாகத் தூக்கினால் இன்ஜின், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் எல்லாம் வெளியே தெரியும், டயர் மேல் உட்கார்ந்துகொண்டே கார்புரேட்டரைக் கழற்றலாம். இந்த சுகம் எந்தப் புது காரிலும் இல்லை.

ஓட்டுவதற்கு? 948 சிசி இன்ஜின், அதனால் வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். ஓடும்போதே கியர் சுலபமாக விழ உதவும் சின்க்ரோ ஃபர்ஸ்ட் கியரில் கிடையாது, வண்டி நின்ற பிறகுதான் போட வேண்டும். பிரேக் நாலும் டிரம். ஆனால் சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும், மயிலாப்பூர் சந்துகளில் ரிவர்ஸே எடுக்காமல் திருப்பும்போது முகத்தில் தானாகச் சிரிப்பு வரும்.

இனி துரு. கடற்காற்று அடிக்கிற ஊர் வண்டி என்றால் சேஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளைக் கீழே படுத்து, டார்ச் அடித்துப் பாருங்கள், முதலில் அழுகுவது அதுதான். மேலே பளபளவென்று பெயிண்ட் இருந்தால் காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டாத இடத்திலெல்லாம் ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டிதான். செலவில் பெரும் பங்கை விழுங்குவது இந்தத் தகர வேலை, நல்ல டிங்கர் கிடைத்தால் அவர் கேட்கிற கூலியைக் கொடுத்துவிடுங்கள், தகரத்தைக் கையால் தட்டி வளைவு கொண்டுவரத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

இதை மட்டும் மறக்கவே கூடாது. முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டின் அடியில் ட்ரன்னியன் என்ற பித்தளை மூட்டு இருக்கிறது, தண்டு அதற்குள் மரையில் திரும்பும், அதற்கு 90 நம்பர் கியர் ஆயில்தான் விட வேண்டும். பல இடங்களில் பழக்கதோஷத்தில் கிரீஸ் அடித்துவிடுகிறார்கள், கிரீஸ் இறுகி அடைத்துக்கொள்ள, தண்ணீர் இறங்கி மரை துருப்பிடித்து, ஒருநாள் திருப்பத்தில் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். வாங்கியதும் வேறு எதைச் செய்கிறீர்களோ இல்லையோ, முதலில் இதைக் கழற்றிப் பாருங்கள்.

பாகங்கள் விஷயம் கொஞ்சம் விசித்திரம். அம்பாசடர் 2014 வரை வந்ததால் அதன் சாமான் இன்னும் புழங்குகிறது, ஹெரால்ட் 1970களின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. ஆனாலும் கேஸ்கெட், ட்ரன்னியன், புஷ் போன்றவற்றை இங்கிலாந்தில் இன்னும் புதிதாகச் செய்து விற்கிறார்கள், கப்பல் செலவும் சுங்க வரியும் கடிக்கும், அவ்வளவுதான். சிக்கல் நம் ஊருக்கென்றே செய்த நாலு கதவு மாடலான மார்க் 3க்குத்தான். இங்கிலாந்தில் நாலு கதவு ஹெரால்டே கிடையாது, அதனால் பின்கதவும் அதன் கண்ணாடியும் வேண்டுமென்றால் இன்னொரு செத்த மார்க் 3ஐத் தேடித்தான் போக வேண்டும். பழைய வண்டி பாகம் விற்கும் புதுப்பேட்டையில் சொல்லி வைத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பதும் உண்டு. அப்படியும் நான் மார்க் 3 பக்கம்தான், இங்கே மட்டுமே பிறந்த வண்டியை நாம் காப்பாற்றாவிட்டால் வேறு யார் காப்பாற்றுவார்கள்?

அப்புறம் பெட்ரோல். ஈயம் கலந்த பெட்ரோல் 2000லேயே போய்விட்டது, ஈயம் இல்லாவிட்டால் பழைய வால்வு சீட் தேய்ந்துவிடும், அதனால் இன்ஜின் ஹெட்டைக் கழற்றும்போதே லேத்தில் கொடுத்துக் கடினமான வால்வு சீட் போட்டுவிடுங்கள். இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது, பழைய ரப்பர் ஹோஸையும் பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வையும் அது அரித்துவிடும், இரண்டையும் எத்தனால் தாங்கும் ரகத்தில் மாற்றுங்கள்.

ஆர்சி புத்தகம் கைக்கு வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள். வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி, பேப்பர் இல்லையென்றால் அதை உதிரி பாகத்துக்கான விலைக்கு மட்டும் கேளுங்கள்.